ஐந்தாவது ரிவியில் குகன்

நான் ரொறன்ரோவுக்குப் போனது தங்கைக்குப் பிள்ளைப்பேறு பார்க்க. பத்தியக்கறி வைப்பது, குழந்தையைக் குளிப்பாட்டுவது, தங்கை அழுதால் அதட்டுவது, இவைதான் என் வேலைகள். அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றிய வீடியோக் கலைக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இருக்கவில்லை. வீடியோ என்றால் கல்யாண வீடியோ. மாப்பிள்ளைக்குப் பின்னால் பூக்கள் சுழலும், பெண்ணின் முகம் இதயத்துக்குள் வந்து நிற்கும். என் அறிவு அவ்வளவுதான்.

அது எண்பத்தாறாம் ஆண்டு ஐப்பசி. எண்பத்துமூன்று கலவரத்துக்குப் பிறகு நான் ஊரைவிட்டு மதராசுக்கு வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தங்கை வதனி கனடாவுக்குப் போய்விட்டாள். பார்க்டேலில் ஒரு தொடர்மாடி. ஒரு படுக்கையறை வீடு. அதில் வதனி, அவள் கணவர் சிவநேசன், அவருடைய தம்பி குகன், புதிதாக வந்த குழந்தை, இப்போது நான். எனக்குச் சோபாவைத் தந்துவிட்டுக் குகன் குசினி வாசலில் பாய் விரித்தான். முறைக்கு நான் அவனுக்கு மச்சாள். தலை நரைத்த மச்சாளைப் பகிடி பண்ணி என்ன பிரயோசனம் என்று நினைத்தானோ, வந்த அன்றே அக்கா ஆக்கிவிட்டான்.

முதல் சில நாட்கள் பால்சுறா தேடுவதில் போயின. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா இல்லாமல் எப்படி? குகன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு மீன்கடை மீன்கடையாக ஏறி இறங்கினான். ஒரு போர்த்துக்கீசர், நான் கையால் காட்டிய அளவைப் பார்த்து, “அம்மா, அது குஞ்சு. அதையா தின்பீர்கள்?” என்று கேட்டார். கடைசியில் சைனாக்காரரின் கடையில் உறைந்துபோன ஒன்று கிடைத்தது. வறை வறுத்தேன். மணம் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எங்கள் கதவைத் தட்டினார். குகன் வாசலில் நின்று அவரிடம் ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டான். நல்ல பிள்ளை. எனக்கு அவனைப் பிடித்திருந்தது.

குகனுக்குக் குவீன் வீதியில் ஒரு கலைக்கூடத்தில் துப்புரவு வேலை. காலையில் போய்க் கூட்டித் துடைத்துவிட்டுப் பத்து மணிபோல வந்துவிடுவான். ஒரு திங்கட்கிழமை வந்தவனின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குள், அடுப்படியில் நின்ற என்னிடம் வந்தான்.

“அக்கா, நான் ரிவியிலை வாறன்.”

“என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?”

“சத்தியமா. நான் வேலை செய்யிற கலரியிலை அஞ்சு ரிவி வைச்சிருக்கினம். கடைசி ரிவியிலை பஃபலோ பஸ் ஸ்ரேசன். அதிலை நான் இருக்கிறன். பக்கத்திலை ஒரு கறுப்பு மனிசி.”

தொலைக்காட்சியில் வருகிறானாம். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். போன வருஷம் ஏஜென்ட் அவனை அமெரிக்கா வழியாகக் கொண்டுவந்து, பஃபலோவில் ஒரு பகல் முழுக்க பஸ் நிலையத்தில் இருத்தி, பிறகு ஒரு காரில் எல்லையைக் கடத்தி விட்டிருக்கிறான். அந்த ஏஜென்டின் சொல்லைக் கேட்டு, மொன்றியலில் விமானத்தில் வந்து இறங்கியதாகக் குகன் அகதி விண்ணப்பத்தில் சொல்லிவிட்டான். சட்டத்தரணிக்கும் அதே கதைதான். அடுத்த கிழமை விசாரணை.

“ஆர் உதைப் போய்ப் பாக்கப்போகினம்?” என்றேன்.

“அந்தப் படத்தைத்தான் அக்கா போஸ்ரரா அடிக்கப்போகினம். வெள்ளிக்கிழமை குவீன் ஸ்ரீட் முழுக்க ஒட்டுவினம். பேப்பர்க்காரரும் படமெடுக்க வருவினமாம். என்ரை முகம் இவ்வளவு பெரிசு.” கைகளை விரித்துக் காட்டினான்.

இதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பொய் சொன்னவன் எல்லாமே பொய் சொன்னான் என்று முடிவுகட்டுவது அதிகாரிகளுக்குச் சுலபம். அவனுடைய முதுகில் இருந்த அடிகாயங்கள் பொய்யல்ல. குழந்தையைக் குளிப்பாட்டும்போது சேட்டைக் கழற்றிவிட்டு வாளி தூக்கி வந்தவனின் முதுகை நான் பார்த்திருந்தேன்.

படம் எடுத்தவள் கலைக்கூடத்திலேயே இருப்பாள் என்றான் குகன். அவளிடம் பேச ஆங்கிலம் தெரிந்த ஒருத்தி வேண்டும். செவ்வாய்க்கிழமை குகனோடு நான் போனேன்.

வதனியின் குளிர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டேன். ஸ்ரீட்கார் என்ற ட்ராம் வண்டியில் ஏறும்போது சாரதி ஒரு துண்டுச் சீட்டுத் தருவார். அதை வைத்து இன்னொரு வண்டிக்கு மாறலாம். நான் அதில் மூக்கைத் துடைத்து எறிந்துவிட்டேன். எங்கள் வண்டி பாதி வழியில் பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கி அடுத்த வண்டியில் ஏறினார்கள். எனக்கு மட்டும் சீட்டு இல்லை. மதராசில் என்றால் நடத்துநரோடு சண்டை பிடித்து வென்றிருப்பேன். இங்கே சாரதி மரியாதையாக, மிக மரியாதையாக, என்னை ஏற்ற மறுத்தார். பின்னால் நின்ற கிழவி பக்கத்திலிருந்தவளிடம், “இவர்களுக்கு எல்லாம் சும்மா வேண்டும்” என்றாள். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்ற நம்பிக்கை. “உங்கள் தொப்பி வளைந்திருக்கிறது” என்று ஆங்கிலத்திலேயே சொல்லிவிட்டு இறங்கி நடந்தேன். குகன் என் பின்னால் ஓடிவந்தான்.

வழியில் ஒரு மேற்கிந்திய ரொட்டிக் கடை. குளிரில் விறைத்துப்போய் உள்ளே போனோம். எங்கள் ரொட்டி மாதிரித்தான், ஆனால் கறியை உள்ளே வைத்துத் தலையணை உறை போல மடித்துத் தருகிறார்கள். ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். உறைப்புக் காணாது, மற்றபடி குறை சொல்ல ஒன்றுமில்லை.

அங்கே வைத்துத்தான் கேட்டேன்: “படத்திலை நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய்?”

“ஒண்டும் இல்லை. அந்த மனிசி கோழிப் பொரியல் நீட்டினவா. நான் வேண்டாமெண்டனான்.”

“ஏன்?”

அவன் ரொட்டியைக் கீழே வைத்தான். “கந்தசட்டி விரதம் அக்கா.”

கலைக்கூடத்தில் வெளிச்சம் குறைவு. நிலத்தில் வரிசையாக ஐந்து ரிவிகள். பார்க்கிறவர் பலகையில் குந்த வேண்டும். ஒவ்வொன்றிலும் ஒரே காட்சி, வெட்டாமல், நாற்பது நிமிடம் ஓடுகிறது. ஒன்றில் ஒரு முடி திருத்துபவர் ஓர் இளைஞனுக்குத் தலை வாருகிறார். ஒன்றில் தேவாலயப் படிக்கட்டு. வெள்ளைத் தொப்பி போட்ட பெண்கள் இறங்கி வருகிறார்கள், யாருக்கும் போக மனமில்லை. ஒன்றில் வேலை முடிந்த ஒருவர் கட்டிலில் இருந்துகொண்டு தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கா கலை என்று பேர் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது.

நான்காவது ரிவியில் ஒரு சமையலறை. ஒரு பெண் ஜன்னலடியில் கோப்பை கழுவுகிறாள். ஜன்னலுக்கு வெளியே பொலிஸ் கார் ஒன்று மெல்லப் போகிறது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. குழாயை மட்டும் மூடுகிறாள். கார் போனதும் மறுபடி திறக்கிறாள். கொஞ்ச நேரத்தில் கார் திரும்பி வருகிறது. மறுபடி குழாயை மூடுகிறாள். எதற்கு மூடுகிறாள் என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஊரில் ஆமி வாகனம் ஒழுங்கைக்குள் வந்தால் நாங்களும் அப்படித்தான், செய்கிற வேலையின் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்போம். எங்கோ அமெரிக்காவில் ஒருத்தி கோப்பை கழுவுகிறாள், எனக்கு இங்கே கண் கலங்குகிறது.

ஐந்தாவதில் குகன். பிளாஸ்ரிக் கதிரைகள், மேலே குழல் விளக்குகள். பெரிய உடம்புள்ள ஒரு கறுப்பின மூதாட்டி மடியில் உணவுப் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒரு கதிரை தள்ளி இருக்கும் மெலிந்த பையனிடம் கோழிக்காலை நீட்டுகிறார். பையன் பார்க்கிறான். உடம்பைப் பின்னால் இழுக்கிறான். கை அப்படியே நீட்டியபடி நிற்கிறது. மூதாட்டி ஏதோ சொல்கிறார். பஸ் அறிவிப்பு அதை விழுங்கிவிடுகிறது. கை திரும்பப் போகிறது.

“அது என் அம்மா,” என்றது ஒரு குரல்.

அவள்தான் படம் எடுத்த லொரேற்றா. அமெரிக்காவில் டிற்றோயிட்காரி. முப்பது வயதிருக்கும், நீலத் தொழிலாளர் சட்டை, கழுத்தில் தொங்கும் ஹெட்போன். குகன் சுவரோடு ஒட்டி நின்றான். லொரேற்றா அவனை ஒரு தரம்தான் பார்த்தாள். உடனே அடையாளம் கண்டுகொண்டாள்.

நான் என்னுடைய வகுப்பறை ஆங்கிலத்தை முழுதாக இறக்கினேன். அகதி, விசாரணை, முகம், ஆபத்து. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். பிறகு சொன்னாள்: “நான் வெட்டுவதில்லை. எங்களைப் பற்றிய படமெல்லாம் யாரோ வெட்டியவை. ஓடுகிற கால்களை வைத்துக்கொள்வார்கள், ஏன் ஓடினான் என்பதை வெட்டிவிடுவார்கள். அதனால்தான் என் கமெரா தொடங்கிய இடத்தில் தொடங்கி, முடிந்த இடத்தில் முடியும். அம்மா மாசியில் இறந்துவிட்டார். அவர் இருக்கும் கடைசிக் கசெற் இது. நாடு முழுக்க அம்மாவின் கையில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வந்திறங்கிய ஒருவன், எங்கள் நிறத்திலேயே ஒருவன், அவன்கூட வாங்கவில்லை. இதை நான் எப்படி எடுத்துப்போடுவது?”

எனக்குக் கோபம் வந்தது. “நீங்கள் நினைப்பது பிழை. அவன் அன்றைக்கு விரதம்,” என்றேன். கந்தசஷ்டியை விளக்கினேன். ஆறு நாள், ஒரு பருக்கையும் படாது, முருகன் என்ற கடவுள், சூரன் என்ற அரக்கன். எவ்வளவு உற்சாகமாக விளக்கினேன் என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவள் முகம் மாறிவிட்டது. பலகையில் உட்கார்ந்தாள். “ஒரு வருஷமாக நான் இவனைக் கோபித்துக்கொண்டிருந்தேன்,” என்றாள். பிறகு, “இருங்கள். முழுவதையும் என்னோடு பாருங்கள். எனக்குத் தெரியாதது வேறு என்ன இருக்கிறதோ, சொல்லுங்கள்.”

குகனை முன் அறையைத் துடைக்க அனுப்பிவிட்டு இருவரும் பார்த்தோம். கை நீள்கிறது, கை திரும்புகிறது. மூதாட்டி சாப்பிடுகிறார், விரல்களைத் துடைக்கிறார், தூங்கிப்போகிறார். ஒரு சிப்பாய் வந்து இருந்து எழும்பிப் போகிறான். படம் முடியப்போகிறது என்று நான் ஆறுதலாக மூச்சு விட்ட நேரம் குகன் எழும்பினான். மூதாட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். மூலையில் இருந்த மெஷினில் சில்லறை போட்டு ஒரு சான்ட்விச் எடுத்தான். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்று, பாணுக்குள் இருந்த இளஞ்சிவப்பு இறைச்சித் துண்டை இழுத்து முதலில் அதைத் தின்றான். பிறகு பாணை. மூன்று வாய்.

லொரேற்றா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: “அந்த விரதம் எப்போது முடியும்?”

அந்தக் கசெற்றை எத்தனை தரம் பார்த்திருப்பாள்! அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டும், நான் சொன்னதை நம்ப விரும்பினாள். அதுதான் என்னைச் சுட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். எங்கள் சாஸ்திரத்தில் சாட்டுக்கா பஞ்சம்? “எனக்குத் தெரியாது,” என்றேன். “அவனைத்தான் கேட்க வேண்டும்.”

அவள் எழும்பி ரிவியை நிறுத்தினாள். “நான் வெட்ட மாட்டேன். ஆனால் மூடலாம். அவன் திரையில் வரும் நேரம் முழுக்கக் கறுப்பு. நாற்பது நிமிடமும் கறுப்பாகவே ஓடட்டும். போஸ்ரருக்கும் வேறு படம். அதற்குப் பதில் அவன் குரல் வேண்டும். என்ன நடந்தது, அம்மா என்ன சொன்னார். அவன் தன் மொழியில் சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள். அவன் சொல்வது எதுவாக இருந்தாலும், முழுவதும். ஒன்றையும் விடக்கூடாது. வியாழன் மத்தியானம் போஸ்ரர் அச்சுக்குப் போகிறது.”

அம்மாவின் கடைசிப் படத்தையே மூடுகிறேன் என்கிறாள். சரி என்று தலையாட்டினேன்.

வழியில் குகனிடம் நிபந்தனையை மட்டும் சொன்னேன். சான்ட்விச்சைப் பற்றி மூச்சு விடவில்லை. வாயைத் திறந்தால் நடுவீதியில் அடித்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

புதன்கிழமை இரவுச் சாப்பாட்டில் சிவநேசனுக்கு விஷயம் தெரியவந்தது. மிசிசாகாவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்து களைத்து வந்த மனிதர். “உந்தக் கறுவல் பெட்டையின்ரை கதையை நம்பிக்கொண்டு போகாதையுங்கோ. குரலையும் பிடிச்சுக்கொண்டு முகத்தையும் போடுவாள்,” என்றார். அந்த மேசையில் இருந்த நாலு பேரில் லொரேற்றாவை விட வெளிறிய நிறம் ஒருவருக்கும் இல்லை. அவர் சொன்ன சொல் யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை. வதனி ரசத்தை நீட்டினாள். குகன் தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

“நீங்கள் ஒரு வழி சொல்லுங்கோ, அதின்படி செய்வம்,” என்றேன். அவர் ரசத்தை ஊற்றிக் குடிக்கத் தொடங்கினார்.

வியாழன் காலை கலைக்கூடத்தின் பின்னறை. வெளிச் சத்தம் வராமல் ஜன்னலில் கம்பளிகள் தொங்கின. கமெரா இல்லை, லொரேற்றா கதவைத் திறந்து, அலுமாரியைத் திறந்து, இல்லை என்று காட்டினாள். மேசையில் ஒலிப்பதிவுப் பெட்டி, எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மைக். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை அசைத்தாள்.

குகன் தொண்டையைச் செருமினான். “அண்டைக்குக் கந்தசட்டி. நான் விரதம்…”

நான் மொழிபெயர்க்கவில்லை. பெட்டியில் நாடா சுழன்றுகொண்டிருந்தது. லொரேற்றா என்னைப் பார்த்தாள்.

“தம்பி,” என்றேன், “மெஷினிலை எடுத்த சான்ட்விச்சையும் கண்டனான். அவவும் கண்டிருக்கிறா. அவ அதைச் சொல்லாமல்தான் உன்ரை முகத்தை மூடித் தாறன் எண்டவ.”

அவன் கதிரையைப் பின்னால் தள்ளினான். எழும்பிப் போய்விடுவான் என்றே நினைத்தேன். போனால் மத்தியானம் போஸ்ரர் அச்சுக்குப் போய்விடும், அதுவும் அவனுக்குத் தெரியும். போகவில்லை. பேசத் தொடங்கினான், குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

“ரெண்டு நாளாச் சாப்பிடேல்லை. அந்த மணம் வர வயித்தைப் பிசைஞ்சது. அவ நீட்டினவா. வாங்க மனம் வரேல்லை அக்கா. ஊரிலை சில வீடுகளிலை நாங்கள் தண்ணி குடிக்கமாட்டம்தானே. அதுமாதிரி. அங்கை வைச்சும் எனக்கு அது போகேல்லை.”

ஆங்கிலத்தில் சொன்னேன். நாங்கள் எந்த வீடுகளில் தண்ணீர் குடிப்பதில்லை, ஏன் குடிப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. என் நாக்கு அப்படி ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை.

லொரேற்றா, “அம்மா என்ன சொன்னார்?” என்று மட்டும் கேட்டாள்.

“‘பயப்பிடாதை மகனே, உன்னை இஞ்ச ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். பிறகு பசிச்சா வந்து கேள்’ எண்டவா. அவ்வளவு இங்கிலிஷ் எனக்கு விளங்கும். நான் பயந்துபோனன் எண்டு நினைச்சிட்டா. நானும் பயந்தவன் மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு இருந்தன்.” மூக்கை உறிஞ்சினான். “பயம் இல்லை அக்கா. அரியண்டமா இருந்தது. அவவின்ரை கை.”

அம்மாவின் வார்த்தைகளை ஆங்கிலத்தில் சொன்னபோது லொரேற்றா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் உதடுகள் எனக்குப் பின்னால் சொல்லிப் பார்த்தன. அதோடு நிறுத்திவிடலாம் என்று எனக்குப் பேராசையாக இருந்தது. கடைசி வசனங்களை அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள்? ஆனால் அவள் கண்ணைத் திறந்து காத்திருந்தாள். முழுவதும் என்று சொல்லியிருந்தாள். சொன்னேன். அரியண்டம், அருவருப்பு: அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் மிகச் சரியான சொல்லையே சொன்னேன்.

அவள் அழவில்லை. பெட்டியில் சத்தத்துக்குத் துடிக்கும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கினாள்.

“ஸ்ரீட்கார் போய்விட்டது,” என்றாள். “கடைசி வசனத்தில் அதன் இரைச்சல் ஏறிவிட்டது. இரண்டு பேரும் இன்னொரு தரம் சொல்லுங்கள்.”

கையை அசைத்தாள். குகன் என்னைப் பார்த்தான். நான் மைக்கைப் பார்த்தேன். அவன் தமிழில் சொன்னான், நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இந்த முறை ஸ்ரீட்கார் ஒன்றும் வரவில்லை.